தள்ளுகிற கைக்கு ஒரு தோல்

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று கித்தானில் ரத்தக் கறை. அதைப் பார்த்தது நான் இல்லை, என்னிடம் மிசின் தைக்கும் நாகமணி.

அழகுபாண்டியின் லாரித் தார்ப்பாய்க்கு ஓரக் கயிறு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். நாகமணி மிசினை நிறுத்திவிட்டு, "என்னக்கா இது, யாரோ வெத்தல போட்டுத் துப்புன மாதிரி இருக்கு?" என்றாள். என் கொட்டகைக்குள் வந்து துப்பியவன் எவன் என்று சண்டைக்கே தயாராகிவிட்டேன். குனிந்து பார்த்தால், நான் தைத்து வந்த வழி நெடுகச் சிவப்புப் பொட்டுகள். கையைத் திருப்பினேன். வலது கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதை மேட்டில் கோணி ஊசியின் பின்முனை இறங்கி, தோல் கிழிந்து தொங்கியது. வலிக்கவில்லை. இப்போதும் வலிக்கவில்லை. கொசு கடித்தால் ஊரையே எழுப்புகிறவள் நான், ஊசி இறங்கியது தெரியாதா?

மாசி மாதம் கூரைத் தகரம் கழன்று விழுந்து மணிக்கட்டைக் கிழித்ததிலிருந்தே அந்த இடம் மரத்துத்தான் கிடக்கிறது. காயம் ஆறிவிட்டது, மரப்பும் ஆறிவிடும் என்று எனக்கு நானே டாக்டராக இருந்துவிட்டேன்.

சாயங்காலம் இவர் என் கையில் சுற்றிய துணியைப் பார்த்து "என்ன மேரி?" என்றார். அரிவாள்மணை பட்டுவிட்டது என்றேன். இந்த டைரி இவர் கிளார்க்காக இருக்கும் மிஷன் பள்ளியில் கொடுத்தது. பகலெல்லாம் ஆபீசில் எழுதுகிற மனுஷனுக்கு வீட்டில் பேனாவைக் கண்டாலே ஆகாது. அதனால் டைரி எனக்கு வந்தது. பொய்யை இவரிடம் சொல்கிறேன், நிஜத்தை இவருடைய டைரியில் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 6

கறை போகவில்லை. எலுமிச்சை, சோப்பு, வசவு எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நாகமணி காட்டிக்கொடுத்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் இவர் கொட்டகைக்கு வந்தபோது, "சார், அக்கா கையப் பாத்தீகளா?" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் ஒப்பித்தாள். தன் வீட்டாரோடு அவர்கள் பாஷையான சௌராஷ்டிராவில் போனில் பேசும்போது அவள் வாயிலிருந்து ஒரு ரகசியமும் எனக்குக் கிடைப்பதில்லை. தமிழில் மட்டும் எல்லாம் கொட்டிவிடும்.

இவர் லீவு போட்டு இன்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையானவர். "கண்ண மூடிக்கங்கம்மா. நான் தடவுறேனா குத்துறேனான்னு சொல்லுங்க" என்றார். மூடினேன். "தடவுறீங்க" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "இப்பவும் தடவுறீங்க." கண்ணைத் திறந்தால் அவர் கையில் குண்டூசி. உள்ளங்கை மேட்டில் வரிசையாகக் குத்திய தடம். பக்கத்தில் நின்ற இவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

மணிக்கட்டில் நரம்பு அறுந்திருக்கிறதாம். வலு அப்படியே இருக்கிறது, உணர்ச்சி மட்டும் இல்லை. திரும்பி வரலாம், வராமலும் போகலாம். "வலிங்கிறது காவல்காரன் மாதிரிம்மா. உங்க கையில காவல் இல்ல. புண்ணு வந்தாத் தெரியாது, சீழ் வச்சாத்தான் தெரியும். இந்தக் கையால ஊசி தள்ற வேலைய விட்டுருங்க."

வீட்டுக்கு வரும் வழியில் நான்தான் பேசினேன், சாம்பாருக்கு முருங்கைக்காய் வாங்க வேண்டும் என்று.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 14

இவர் முடிவே பண்ணிவிட்டார். "போதும் மேரி. மிசின் வேல மட்டும் பாப்போம். கயிறு வைக்கிற ஆர்டர் இனிமே வேணாம்."

கயிறு இல்லாத தார்ப்பாயைப் போர்வை என்று சொல்லலாம். லாரி மேல் கட்டி இழுக்கும்போது இழுவையைத் தாங்குவது ஓரத்தில் இருக்கிற கயிறுதான். கயிறும் மடித்த கித்தானும் சேர்ந்த அந்தத் தடிமனை மிசின் ஊசி தின்னாது, ஒடிந்துபோகும். கையால்தான் தைக்க வேண்டும். கோணி ஊசியை உள்ளங்கையால் ஒரு தள்ளு, நூலை ஒரு இழு. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து செய்கிறேன். அந்தத் தள்ளில் கித்தான் முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு வழிவிடும். அந்த இடம் கைக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பிடித்தது. இதை இவரிடம் எப்படிச் சொல்வது? உங்களுக்கு ரெஜிஸ்டர் பிடிக்குமா என்று கேட்டால் என்ன சொல்வார்?

அதுவும் அழகுபாண்டி தார்ப்பாய் பாதியில் நிற்கிறது. சோழவந்தானில் முதல் போக அறுப்பு ஐப்பசி மழைக்கு முன்னாலும் பின்னாலும்தான் வரும். நெல் ஏற்றுகிற வண்டி. நனைந்தால் விவசாயி பாடு.

நாகமணியைத் தைக்கச் சொல்லிப் பார்த்தேன். தறியில் நின்று நின்று தோள் போனவள். கொஞ்ச தூரம் தைத்துவிட்டு, "எனக்கு மிசினுதான்க்கா" என்று எழுந்துவிட்டாள். தையல் தொளதொளவென்று இருந்தது. பிரித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. கையில் காவல் இல்லை என்றால் கூலிக்குக் காவல் வைத்துவிட்டால் போகிறது!

இதுவரை உள்ளங்கையில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் தைத்தேன். ஊசி அதைத் துளைத்ததால்தானே இவ்வளவும்? கெட்டித் தோலில் செய்தால்? பாலத்தடியில் செருப்புத் தைக்கும் மருது அண்ணனிடம் போனேன். அவரே கையில் ஒரு தோல் பட்டை மாட்டித்தான் தைக்கிறார், பல தடவை பார்த்திருக்கிறேன். "அண்ணே, எனக்கும் இது மாதிரி ஒண்ணு வேணும். தைக்கும்போது கையில ஏறக்கூடாது" என்றேன்.

"இம்புட்டுத்தானா மேரியம்மா? வெள்ளிக்கிழம வாங்க."

ஆகஸ்ட் 23, வெள்ளி

மருது அண்ணன் செய்து தந்த கைத்தோல் அழகு. மெத்தென்று, சுண்டுவிரல் ஓரத்தையும் புறங்கையையும் சுற்றிப் பிடிக்கிறது. ஆனால் எனக்கு அடிபடுகிற மேடு அப்படியே திறந்து கிடக்கிறது.

இரண்டு பேரும் விழித்தோம். பிறகு அவர் என்னைத் தைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, நீங்க தள்றீங்க! நாங்க இழுக்குறவங்க மேரியம்மா. குத்தூசியால தொளையப் போட்டுட்டு நூலச் சுத்தி இழுப்போம். எங்களுக்கு நூலுதான் கைய அறுக்கும். உங்களுக்கு ஊசில்ல முட்டுது?"

பிறகு என் கையில் இருந்த கைத்தோலை வாங்கி அவர் கையில் மாட்டிப் பார்த்தார். "எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் இவர் போனை நீட்டினார். "இதப் பாரு."

படத்தில் ஒரு கைத்தோல். அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பலுக்குப் பாய் தைத்தவர்கள் மாட்டியது. உள்ளங்கை முழுக்கத் தோல், கட்டைவிரல் நுழைய ஒரு ஓட்டை, சரியாக அந்த மேட்டின் மேல் குழி குழியாக ஒரு இரும்புப் பொட்டு. ஊசியின் பின்முனை அந்தக் குழியில் போய் உட்காரும், வழுக்காது, உள்ளே இறங்காது. அதற்குக் கீழேயே செருப்புத் தைத்தவர்களின் கைத்தோல் படமும் இருந்தது. அப்படியே மருது அண்ணன் செய்தது. எந்தக் காலமோ எந்த நாடோ, இழுக்கிறவன் கையும் தள்ளுகிறவன் கையும் அங்கேயும் வேறு வேறாகத்தான் இருந்திருக்கிறது.

"பாயும் கித்தான்தான, மேரி. ஓரத்துல கயிறும் வச்சுத் தச்சிருக்காங்க. உன் வேலதான் இது" என்றார். வேலையை விடு என்று சொன்னவர் பாதிச் சாமம் வரை எனக்காக இதைத் தேடியிருக்கிறார். கேலி பண்ணத்தான் வாய் வந்தது. "வைகையிலயே தண்ணியக் காணோம், நமக்குக் கப்பக்காரன் சாமானா?" என்றேன். சமையலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ஆகஸ்ட் 31, சனி

எதை எழுத, யாரை வைய?

மருது அண்ணன் படத்தைப் பார்த்தே செய்துவிட்டார். செருப்புக்குக் கால் அளவு எடுப்பது போல அட்டை மேல் என் வலது கையை வைத்து வரைந்தார், வெட்டினார், அட்டையைத் தோலில் வைத்து அறுத்தார். பழைய பூட்டுத் தகட்டில் ஆணியால் குழி குழியாகத் தட்டி இரும்புப் பொட்டு. புறங்கையில் மாட்டச் செருப்புக்குப் போடும் பக்கிள். இன்று வாங்கி ஆசை ஆசையாக மாட்டினேன். கட்டைவிரலை ஓட்டையில் நுழைத்தால் இரும்பு புறங்கைக்குப் போகிறது. இரும்பை உள்ளங்கைக்குத் திருப்பினால் ஓட்டை சுண்டுவிரலுக்கு வருகிறது. திருகித் திருகிப் பார்த்தேன். கூட வந்த நாகமணி பிடுங்கித் தன் இடது கையில் மாட்டினாள். கச்சிதம்.

இடது கைக்குச் செய்துவிட்டார்!

"வலது கையத்தான வரைஞ்சேன்!" என்று அவர் கத்த, "பெறகு எப்பிடி இடது கையாச்சு, குட்டிச்சாத்தானா?" என்று நான் கத்த, பாலத்தடியில் நல்ல கூட்டம். கடைசியில் அவரே கண்டுபிடித்தார். செருப்பில் தோலின் வழவழப்பான பக்கம்தான் காலில் படும். அந்தப் பழக்கத்தில் வழவழப்பு என் கையில் படுகிற மாதிரி அறுத்துவிட்டார். அதுவரை சரி. நேற்று நான் போய், வழவழப்பு வெளியே இருக்கட்டும், சொரசொரப்பில் நூல் மாட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் தோலைத் திருப்பி வைத்து இரும்பைத் தைத்துவிட்டார். தோலைத் திருப்பினால் கை மாறிவிடும் என்று இரண்டு மண்டையிலும் ஏறவில்லை.

"செருப்புன்னா ஜோடியாத்தான் செய்வோம், மாறுனாலும் ஆகும். கை ஒத்தையால்ல கேட்டீங்க" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு செய்து தருகிறாராம்.

செப்டம்பர் 5, வியாழன்

வந்துவிட்டது. வலது கைக்கு, சரியாக. மாட்டினேன், தள்ளினேன், ஊசி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. இத்தனை வருஷமாக முட்டாள் மாதிரி சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன். உலகத்தில் கப்பல் என்று ஒன்று ஓடியதே எனக்கு இன்றுதான் பிரயோஜனப்பட்டது.

நாகமணி இடது கைத் தோலைத் தேநீர்ப் பாத்திரம் இறக்கப் பிடிதுணியாக வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். கோயிலில் நீலப் புடவைக் கூட்டம். கைக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன், நன்றி சொல்லித்தான். கேட்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

அவசரப்பட்டு நன்றி சொல்லிவிட்டேன்.

காலையில் இவர் என் கையைப் பிடித்துப் பார்த்தவர் மோந்தார். "மேரி, நாத்தம் வருது." கைத்தோல் உரசிய இடத்தில் கொப்புளம் வந்து, உடைந்து, அதன் மேலேயே நான் தைத்திருக்கிறேன். சீழ். ஒரு துளி வலி இல்லை. புளித்த மோர் வாடை அது, கித்தானின் வாடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் பண்ணி, மருந்து வைத்துக் கட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "கவசம் நல்லா இருக்கும்மா. ஆனா உள்ள இருக்குற கைக்கு, கவசம் உரசுதுன்னு சொல்லத் தெரியலயே. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா எலும்பு வரைக்கும் போயிருக்கும். இந்தக் கையால வேணாம்மா. தயவுசெஞ்சு."

சரி என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே.

செப்டம்பர் 18

எழுதப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 25, புதன்

அழகுபாண்டி வந்திருந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு உட்காராமலே நின்றார். நல்ல மனுஷன், ஆனால் அவர் கவலை அவருக்கு.

"அக்கா, மனசு கஷ்டப்படாதீங்க. அறுப்பு வந்துருச்சுன்னா வண்டிய நிப்பாட்ட முடியாது. உங்களால ஆகாதுன்னா சொல்லிருங்க, பாதியோட எடுத்துட்டுப் போயி வேற எடத்துல குடுத்துக்கிறேன். இல்லாட்டி பிளாஸ்டிக்குப் பாய் வாங்கிப் போட்டுக்கிறேன்."

எடுத்துட்டுப் போங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் என்னைக் கேட்காமல், "ஐப்பசி பொறக்கட்டும், பாப்போம்" என்றது. அவர் போன பிறகு நாகமணி கேட்டாள், "எதக்கா பாக்கப் போறோம்?"

எனக்கு என்னடி தெரியும்.

செப்டம்பர் 28, சனி

நாகமணி தேநீர் இறக்கிவிட்டு அந்தத் தோலைக் கையிலிருந்து கழற்றாமலே தம்ளரை நீட்டினாள். இடது கையில் தோல், தோலில் இரும்புப் பொட்டு. எனக்கு எதிரே நீட்டிக்கொண்டு நிற்கிறாள். தேநீரை வாங்கவில்லை, தோலைப் பிடுங்கினேன். "சுடுதுக்கா!" என்று அவள் குதித்தாள்.

இடது கையில் மாட்டினேன். இறுக்கமாக இருந்தது. இறுக்கம் *தெரிந்தது*. பக்கிள் குத்தியது, அதுவும் தெரிந்தது. தோல் எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை, எல்லாம் கை சொல்லிக்கொண்டே இருந்தது. எத்தனை நாளாக நல்ல கை ஒன்று சும்மா இருந்திருக்கிறது! தாலி கட்டிய நாளிலிருந்து இந்தக் கைக்குக் கித்தானைப் பிடிக்கிற வேலை மட்டும்தான்.

ஒரு தையல் போட்டேன். கோழி கிளறியது போல இருந்தது.

செப்டம்பர் 30

டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். இடது கையால் தள்ளினால்? கொஞ்சம் யோசித்தார். தள்ளலாமாம். ஆனால் கித்தானைப் பிடிக்கிற வலது கைக்கு உறை போட வேண்டும், ஊசி முனை அந்தப் பக்கம் வரவே கூடாது, வேலையை நிறுத்தும் போதெல்லாம் வலது கையைத் திருப்பித் திருப்பிக் கண்ணால் பார்க்க வேண்டும். "அதுக்கு வலிக்காதும்மா. அதனால நீங்கதான் பாக்கணும்." சரி என்றேன். இவரும் தலையாட்டினார். கையைப் பார்க்கும் வேலையைத் தனக்கு எடுத்துக்கொண்டார். இனிமேல் தினமும் மதிய இடைவேளையில் பள்ளியிலிருந்து போன் வருமாம்: "கையப் பாத்தியா?"

அக்டோபர் 3

இடது கையால் தைப்பது என்றால் ஊசியை மாற்றிப் பிடிப்பது என்று நினைத்தேன். இல்லை. எல்லாமே மாறுகிறது. உட்காரும் இடம் கித்தானின் அந்தப் பக்கம். தையல் போகிற திசை எதிர்ப்பக்கம். ஜன்னல் வெளிச்சத்தில் என் கை நிழலே தையல் மேல் விழுகிறது. பலகையை நகர்த்தினேன், நிழல் நகரவில்லை. கடைசியில் மிசின், மேசை, கயிற்றுச் சுருள் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக் கொட்டகையையே திருப்பினோம். நாகமணி திட்டிக்கொண்டே இழுத்தாள். சௌராஷ்டிராவில் திட்டினாள், அதனால் எனக்கு வருத்தம் இல்லை.

அக்டோபர் 4

தோள் விண்ணென்று தெறிக்கிறது. சோறு பிசையவும் சோம்பல். தைத்தது ஒரு முழம், பிரித்ததும் அதே முழம்.

அக்டோபர் 8

இன்று ஊசியை ஓரமாகத் தூக்கி எறிந்துவிட்டேன். சிறுபிள்ளை மாதிரி. இந்த வயசில் எதற்கு எனக்கு இந்தப் பாடு, மிசினில் உட்கார்ந்து தலையணை உறை தைத்தால் ஆகாதா? நாகமணி ஊசியைத் தேடி எடுத்து, அதில் நூல் கோத்து, மெழுகு பூசி என் பக்கத்தில் வைத்துவிட்டு மிசினுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். அதன் பிறகு எப்படி எழுந்து போவது?

அக்டோபர் 11, வெள்ளி

தெரிந்தது! அந்த இடம். கித்தான் முரண்டு பிடித்து, பிறகு விடுகிற இடம் — இடது கைக்கு இன்று தெரிந்தது. ஒரே ஒரு தடவைதான். அடுத்த தையலில் தொலைத்துவிட்டேன். ஆனால் தெரிந்தது. இவரிடம் சொன்னேன். புரியவில்லை, ஆனாலும் சந்தோஷப்பட்டார். தோசைக்கு அவரே மாவு கரைத்தார், கட்டி கட்டியாக.

அக்டோபர் 16

வேகம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நத்தைக்கும் எனக்கும் போட்டி வைத்தால் நான் தோற்க மாட்டேன், அவ்வளவுதான். பிரிப்பது மட்டும் நின்றிருக்கிறது.

வலது கையால் தைத்த பாதியும் இடது கையால் தைத்த பாதியும் இன்று ஒரு மூலைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தன. அப்போதுதான் பார்த்தேன், பழைய தையலெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, புதுசெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. யார் பார்த்தாலும் தெரியும். பிரிக்கட்டுமா? முடியாது. மழை வாசம் வந்துவிட்டது.

அக்டோபர் 19, சனி

அழகுபாண்டி லாரியோடே வந்தார். அவரே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். கயிற்றை விரலால் தடவிக்கொண்டே ஓரம் முழுக்க நடந்தார். சேர்ந்த இடத்தில் நின்றார்.

"என்னக்கா, இங்கருந்து தையல் தலைகீழாச் சாஞ்சிருக்கு?"

"அது வரைக்கும் வலது கை. அதுக்கப்புறம் இடது கை" என்றேன். "நம்பிக்கை இல்லாட்டி விட்டுருங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அவர் டிரைவரைக் கூப்பிட்டார். இடது கைப் பக்கத்து மூலைக் கயிற்றை லாரிக் கொக்கியில் மாட்டச் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து காலை ஊன்றி இழுத்தார்கள். கித்தான் விம்மியது. பிறகு கயிற்றில் தொங்கவே செய்தார்கள். நான் சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். ஒரு தையலும் அசையவில்லை.

"எந்தக் கை தச்சதுன்னு நெல்லுக்குத் தெரியவா போகுது? நனையாம இருந்தாச் சரி" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்.

இழுப்பது வேறு, மழை வேறு. மழையில் நனைந்த கித்தான் இறுகும், கயிறு சுருங்கும், பலவீனமான தையல் அப்போதுதான் கழலும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அக்டோபர் 25, வெள்ளி

மதியத்திலிருந்து கொட்டுகிறது. வானமே பொத்துக்கொண்ட மாதிரி. எங்கள் செல்லூர்த் தெருவெல்லாம் ஆறு. கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர். நாகமணியும் நானும் மிசினைத் தூக்கி மேசை மேல் வைத்தோம், கித்தான் சுருள்களைப் பரணுக்கு ஏற்றினோம். இவர் பள்ளியிலிருந்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார், சட்டைப் பையில் போனைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி.

எனக்குக் கொட்டகை நினைப்பே இல்லை. அழகுபாண்டிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். வண்டி நெல் ஏற்றிக்கொண்டு சோழவந்தானிலிருந்து மதியமே கிளம்பிவிட்டது என்று அவர் வீட்டில் சொன்னார்கள். அதன் பிறகு லைன் இல்லை. மாதாவே, அந்த மூலை. அந்த ஒரு மூலை. ஏன் நான் பிரித்துத் தைக்கவில்லை? ஏன் எனக்கு இந்த வீம்பு? ஊரான் நெல்லை வைத்தா நான் கைப்பழக்கம் படிக்க வேண்டும்?

அக்டோபர் 26, சனி

காலையில் அவரே கூப்பிட்டார். குரல் கரகரவென்று இருந்தது.

"அக்கா, வாடிப்பட்டி ரோட்டுல ராத்திரி பூரா வண்டி நின்னுச்சு. அம்புட்டு மழையும் மேலதான். பின்னாடி ரெண்டு மூட்ட ஈரம். அது நம்ம டிரைவர் மடிப்பச் சரியாச் செருகாதது. தையல் தாங்கி நின்னுருச்சுக்கா. முழுசா நின்னுருச்சு."

போனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். "கையப் பாத்தியா?" என்று கேட்டார், பழக்கத்தில். இரண்டு கையையும் நீட்டினேன்.

நவம்பர் 6

கொட்டகைச் சேறு இன்றுதான் முழுதாகப் போனது. மருது அண்ணன் கடை பாலத்தடியில் மூழ்கிவிட்டதாம், ஆனால் தோலெல்லாம் தப்பிவிட்டது. எனக்கு இடது கைத்தோல் இன்னொன்று செய்யச் சொன்னேன். "இப்ப வழவழப்பு உள்ளயா வெளியயா, மொதல்லயே சொல்லிருங்க மேரியம்மா" என்றார். நாகமணியையும் கூட்டிப்போயிருந்தேன். அவளுக்கும் கை அளவு எடுக்கச் சொன்னேன். தோள் வலிக்கிறது என்று ஆரம்பித்தாள். தோலை மாட்டித் தள்ளினால் தோளுக்குப் பாரம் வராது, உடம்பு எடைதான் தள்ளும் என்றேன். "யோசிக்கிறேன்க்கா" என்றாள். கையை மட்டும் அட்டை மேல் வைத்துவிட்டாள்.

நவம்பர் 18

வாடிப்பட்டியிலிருந்து ஒரு லாரிக்காரர் வந்தார். அன்று ராத்திரி அழகுபாண்டி வண்டிக்குப் பின்னால் நின்றவராம். "அந்த எதிர்ப்பக்கம் சாஞ்ச தையல் வருதுல்ல, அது மாதிரிதான் வேணும்" என்றார். அந்தச் சாய்வுக்கு ஏதோ தனிச் சூட்சுமம் இருக்கிறது என்று நினைத்துவிட்டார் போல. இல்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். நாகமணி முந்திக்கொண்டு, "அதுக்கு நாளாகும்ணே" என்றாள்.

டிசம்பர் 2, திங்கள்

வாடிப்பட்டித் தார்ப்பாயின் கடைசி மூலை. முடிச்சு போடுவதற்காகத் தோலைக் கழற்றியிருந்தேன், அவசரத்தில் மாட்ட மறந்து வெறும் கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டேன். ஊசியின் பின்முனை இடது கை மேட்டில் நறுக்கென்று ஏறிவிட்டது.

"ஐயோ அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் நாகமணி மிசினை விட்டுவிட்டு ஓடிவந்தாள். பக்கத்துத் தறிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கையை உதறினேன், வாயில் வைத்து உறிஞ்சினேன், கண்ணில் தண்ணீர் முட்டியது. என்னக்கா, என்னக்கா என்று அவள் பதறினாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வலிக்குதுடி" என்றேன். "நல்லா வலிக்குது!"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். தோலை மாட்டிக்கொண்டு மிச்ச ஓரத்தைத் தைத்து முடித்தேன்.